தெய்வானை சிஸ்டரோட மெஷின்

தண்ணி வேண்டாமுங்க, நீங்களே வச்சுக்குங்க. தலை சுத்தலெல்லாம் இல்லை. மலை வளைவு எனக்கு ஒண்ணும் பண்ணாது. வேர்க்குதேன்னு பார்த்துட்டுக் கேட்டீங்க பாருங்க, அதுவே பெருசு. நான் ஊசிப்பாறை வரைக்கும் போறனுங்க. நீங்க அதுக்கும் மேலயா? அப்ப இன்னும் முக்கால் மணி நேரம் ஒண்ணாத்தான் போகணும்.

ஒரு விசயம் சொல்றேன், கேக்கறீங்களா? கேட்டுட்டுப் புரியுதா இல்லையான்னு மட்டும் சொன்னாப் போதும். கம்ப்யூட்டர் படிச்சவருங்களா நீங்க? இல்லையா, காபித் தோட்டமா. நல்லதாப் போச்சு. கம்ப்யூட்டர் தெரியாத ஒருத்தருக்குப் புரியணும், அதுதான் எனக்கு வேணும்.

எம் பேரு திருமூர்த்திங்க. கோயமுத்தூர்ல சாப்ட்வேர் வேலை. இது நடந்து பன்னெண்டு வருசம் ஆச்சு. அப்ப எனக்கு இருபத்தேழு வயசு, கல்யாணமாகி ஆறு மாசம். பதினாறு பேரு வேலை பார்க்கற சின்னக் கம்பெனி. ரகுபதின்னு ஒருத்தருதான் முதலாளி, அவரேதான் மேனேஜர். நல்ல மனுசன். நான் அவரைக் குறை சொல்ல வரலை.

ஒரு மாவட்டத்துல, எந்த மாவட்டம்னு வேண்டாம், மலைக் கிராமத்து நர்ஸுங்களுக்கு எல்லாம் கையடக்க மெஷின் ஒண்ணு குடுத்தாங்க. இந்தா, கண்டக்டர் கையில இருக்கற டிக்கெட் மெஷினை விடச் சின்னது. ஒரு குச்சியால தொட்டுத் தொட்டு எழுதணும். எந்த ஊர்ல எந்தப் பொண்ணு மாசமா இருக்கா, எத்தனாவது மாசம், ரத்த அழுத்தம் எவ்வளவு, எந்தக் குழந்தைக்கு எந்த ஊசி, எல்லாம் அதுக்குள்ள. மாசம் ஒருக்கா ஆஸ்பத்திரியில கொண்டாந்து கம்ப்யூட்டர்ல மாட்டுனா, யாருக்கு ஆபத்து அதிகம்னு ஒரு லிஸ்ட் வரும். லிஸ்ட்ல பேரு இருந்தா முன்கூட்டியே ஜீப் சொல்லி வச்சிருவாங்க. அந்த மெஷினுக்குள்ள ஓடற புரோகிராம் நான் எழுதுனது. முழுக்க முழுக்க நான் ஒருத்தன்.

நாப்பது மெஷின் குடுத்தோம். குடுத்த அன்னைக்கே அவங்க எழுதிட்டிருந்த நோட்டையெல்லாம் வாங்கிட்டோம். ரெண்டு இடத்துல எழுதுனா மெஷினைப் பழக மாட்டாங்கன்னு மேல இருந்து உத்தரவு. நானே சணல் கயிறு போட்டுக் கட்டி ஜீப்புல ஏத்தினனுங்க. முப்பது வருச நோட்டெல்லாம் இருந்துச்சு அதுல.

மூணு மாசம் நல்லா ஓடுச்சு. அப்புறம் ஒரு போன். தெய்வானைன்னு ஒரு நர்ஸ், ஊசிப்பாறைப் பக்கம் பன்னெண்டு ஊரு அவங்க பொறுப்பு. நாற்பத்தஞ்சு, நாற்பத்தாறு வயசு இருக்கும். "சார், என் மெஷினுக்கு மறதி வந்துருச்சு"ன்னாங்க.

"என்னங்க சிஸ்டர், என்னாச்சு?"

"நேத்து எழுதினதைக் காணோம். வேற என்னமோ இருக்கு அந்த இடத்துல."

"சேவ் பண்ற பட்டனை அழுத்தினீங்களா?"

"அழுத்தினேன் சார்."

"நல்லா அழுத்துங்க சிஸ்டர். ஒருவேளை லேசாத் தொட்டிருப்பீங்க."

அவங்க "சரிங்க சார்"னு வச்சுட்டாங்க. அடுத்த மாசம் இன்னொருக்காக் கூப்பிட்டாங்க. நான் மீட்டிங்ல இருக்கேன்னு சொல்லச் சொன்னேன். மீட்டிங்ல இல்லை. டீ குடிச்சுட்டிருந்தேன். இதையும் சொல்லியாகணும்ல.

வேற நர்ஸுங்க யாருமே கூப்பிடலைங்க. அதைக் கவனிங்க. முப்பத்தொன்பது மெஷின் நல்லா ஓடுது, ஒண்ணுல மட்டும் கோளாறுன்னா என்ன நினைப்பீங்க? ஆளு சரியில்லைன்னுதானே நினைப்பீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன்.

அப்புறம் ஒரு சாவு நடந்துபோச்சு.

ஊசிப்பாறையில ஒரு பொண்ணு. எட்டு மாசம். காலெல்லாம் வீங்கி, ரத்த அழுத்தம் ஏறி, வலிப்பு வந்துருச்சு. அந்தச் சமயம் பார்த்து தெய்வானை சிஸ்டரை மூணு வாரப் பயிற்சின்னு டவுனுக்குக் கூப்பிட்டிருந்தாங்க. அவங்களுக்குப் பதிலா வந்த நர்ஸ் கையில லிஸ்ட் இருந்துச்சு. லிஸ்ட்ல அந்தப் பொண்ணு பேரு இல்லை. ஜீப்பும் சொல்லி வைக்கலை. பால் வண்டியில போட்டுக் கீழே கொண்டு போனாங்க. பொண்ணு பொழைச்சுது. குழந்தை போயிருச்சு. ஆம்பளைப் பையன்.

விசாரணை வந்துச்சு. மெஷினைத் திறந்து பார்த்தா அந்தப் பொண்ணோட பதிவுல, நூத்திப் பதினேழாம் நம்பர் பதிவு அது, ரத்த அழுத்தம் போட வேண்டிய இடத்துல பூஜ்யம். பார்த்த தேதி இல்லை. குறிப்புன்னு இருக்கற இடத்துல பாதி வாக்கியம், அதுவும் வேற யாரைப் பத்தியோ. சிஸ்டர் சொன்னாங்களாம், "நான் நாலு தடவை போய்ப் பார்த்தேன், நாலு தடவையும் எழுதினேன்"னு. நோட்டு எங்கேன்னு கேட்டாங்களாம். நோட்டைத்தான் நாங்க வாங்கிட்டு வந்துட்டமே.

எங்க கம்பெனிக்கு ஒரு கடுதாசி வந்துச்சு. மெஷின் தானா ஒரு பதிவை அழிக்க வாய்ப்பு இருக்கா, எழுத்துல குடுங்கன்னு. ரகுபதி சார் என்கிட்ட நீட்டுனாரு. "அப்படி ஒரு வாய்ப்பு இல்லை"ன்னு டைப் பண்ணி, புரோகிராம் எழுதினவன்னு நான் கையெழுத்துப் போட்டேன். நான் பொய் சொல்லலைங்க. போட்டப்போ எனக்குத் தெரியாது.

அப்புறம்தான் நான் ஊசிப்பாறைக்கு வந்தேன், அந்த மெஷினை வாங்கிட்டுப் போக. இதே பஸ்ஸுதான் அப்பவும். சிஸ்டர் சப்-சென்டர்ல இருந்தாங்க. ரெண்டு ரூம். ஒண்ணுல தராசு, ஊசி மருந்து வைக்கிற பெட்டி. இன்னொண்ணுல அவங்க குடியிருப்பு. சாப்பிட்டீங்களான்னு கேட்டாங்க. நான் இல்லைன்னு சொல்றதுக்குள்ள தட்டு வச்சுட்டாங்க. ராகிக் களி, கீரை. என்மேல ஒரு கோபமும் காட்டலை.

"ஒருக்கா எழுதிக் காட்டுங்க சிஸ்டர், நான் பார்க்கறேன்"னேன்.

எழுதுனாங்க. நாங்க ஆபீஸ்ல அந்தப் புரோகிராமைச் சோதிக்கும்போது எப்படி எழுதுவோம் தெரியுங்களா? பேரு, மூணு எழுத்து. குறிப்பு, ரெண்டு எழுத்து. அஅஅ, ககன்னு அடிச்சுட்டு அடுத்ததுக்குப் போயிருவோம். மத்த நர்ஸுங்களும் கிட்டத்தட்ட அப்படித்தான். 'நலம்'னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான். இவங்க அப்படி இல்லைங்க. தமிழை இங்கிலீஷ் எழுத்துல, குச்சியால ஒவ்வொண்ணாத் தொட்டு, பக்கம் பக்கமா எழுதறாங்க. "காலையில வாந்தி. மாமியார் உப்பு குறைக்க மாட்டேங்குறாங்க. முதல் குழந்தை ஏழாம் மாசம் தங்கலை. புருஷன் திருப்பூர்ல. பக்கத்து வீட்டு அக்காகிட்ட சொல்லி வச்சிருக்கேன்." இப்படியே பத்து வரி. எட்டு நிமிசம் ஆச்சு. சேவ் பட்டனை நல்லா அழுத்துனாங்க, நானே பார்த்தேன். சரின்னு மெஷின் சொல்லுச்சு. அடுத்த பொண்ணோட பதிவைத் திறந்தாங்க.

அடுத்த பொண்ணோட பதிவுல இந்தப் பொண்ணோட குறிப்பு பாதி உட்கார்ந்திருந்துச்சு.

சிஸ்டர் மெஷினைப் பார்க்கலை. என்னைப் பார்த்தாங்க. நான் "இதைக் கொண்டுபோய்ப் பார்க்கறேன்"னு சொல்லி வாங்கிப் பையில போட்டுக்கிட்டேன். களிக்கு ரொம்ப நன்றிங்கன்னு சொன்னேன்.

அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒன்பது நாள் ஆச்சுங்க. வேற ஒருத்தரா இருந்தா மாசக் கணக்காகும். ஏன்னா அது எப்பவும் வராது. அதே மாதிரி பத்துத் தடவை எழுதுனா எட்டுத் தடவை ஒழுங்கா இருக்கும், ஒன்பதாவது தடவை மெஷின் அப்படியே நின்னுபோகும், பத்தாவது தடவை யாரோ ஒருத்தரோட பதிவு கெட்டுப்போகும். சிஸ்டர் எழுதுனதை அப்படியே, அதே பத்து வரியை, நாளுக்கு அறுபது எழுபது தடவை அடிச்சேன். அந்த மாமியாரும் உப்பும் எனக்கு மனப்பாடம் ஆயிருச்சு. ஒவ்வொரு தடவையும் மெமரியில எந்த இடத்துல என்ன இருக்குன்னு தாளுல அச்செடுத்துச் சுவத்துல ஒட்டினேன். சுவரே ரொம்பிப்போச்சு.

இந்த இடம்தான் உங்களுக்குப் புரியணும். மெஷினோட மெமரின்னா, ஒரே வரிசையில ஒட்டி ஒட்டிக் கட்டியிருப்பாங்களே, அந்த லைன் வீடுன்னு வச்சுக்குங்க. ஒவ்வொரு பொண்ணோட பதிவும் ஒரு வீட்டுல குடியிருக்குது. குறிப்பு நீளமாச்சுன்னா அந்த வீடு பத்தாது, அதனால மெஷின் அந்தப் பதிவைப் பெரிய வீட்டுக்கு மாத்தி வச்சிரும். காலியான வீட்டுக்கு வேற ஒரு பதிவு குடி வந்துரும். அது சரிதான், அப்படித்தான் நடக்கணும். ஆனா புரோகிராம் கையில பழைய விலாசம் இருந்துச்சு. வீடு மாறுனது அதுக்குத் தெரியாது. மிச்சக் குறிப்பைக் கடுதாசி மாதிரி கொண்டுபோய்ப் பழைய வீட்டுக்குள்ளயே போட்டுட்டு வந்துரும். அங்கே புதுசாக் குடி வந்தவங்க சாமானெல்லாம் அதுல நாசம். வீடு மாத்துன பிறகு விலாசத்தை ஒருக்கா மறுபடி கேட்டுக்கணும். அது விட்டுப்போச்சு. அவ்வளவுதான் விசயம். புரியுதுங்களா?

குறிப்பு சின்னதா இருந்தா வீடு மாற வேண்டிய வேலையே இல்லை. அதனாலதான் 'நலம்'னு எழுதுனவங்களுக்கு ஒண்ணும் ஆகலை. நாப்பது பேர்ல யாரு ஒழுங்கா எழுதினாங்களோ அவங்க மெஷின்தான் கெட்டுது.

புரோகிராம்ல நாலு வரி சேர்த்தேன். சரியாப்போச்சு. மறுபடி எழுபது தடவை அடிச்சுப் பார்த்தேன், ஒண்ணும் ஆகலை. அன்னைக்கு எனக்கு இருந்த சந்தோசத்தை இப்ப சொல்லவே கூச்சமா இருக்குதுங்க. ரகுபதி சார் ரூமுக்கு ஓடினேன். கேட்டுட்டுத் தோள்ல தட்டுனாரு.

"கெட்டிக்காரன்யா நீ. புது வெர்ஷன்னு சொல்லி நாப்பது மெஷின்லயும் போட்டிரலாம். வேகம் கூட்டியிருக்கோம்னு எழுதிக்கோ."

"அந்த நர்ஸம்மா, சார்?"

"கடுதாசி போயிருச்சுல்ல திருமூர்த்தி. இப்ப மாத்திச் சொன்னா மொத்த மெஷினும் திரும்பி வரும். பதினாறு பேரு வீட்டுல அடுப்பு எரியணும். அந்தம்மாவை என்ன, வேலையை விட்டா தூக்கப் போறாங்க?"

தூக்கலைதான். மாவட்டத்தோட இன்னொரு மூலைக்கு மாத்துனாங்க. மேற்பார்வை நர்ஸா வந்திருக்க வேண்டியவங்க, அந்தப் பதவி உயர்வு அவங்களுக்குக் கடைசி வரைக்கும் வரலை. அது எனக்கு ரொம்ப நாளாத் தெரியாது. நான் விசாரிக்கலை. எம் பொண்டாட்டி அப்ப மாசமா இருந்தா. ஒவ்வொரு மாசமும் டாக்டரம்மா அவ கையில பட்டையைக் கட்டி ரத்த அழுத்தம் பார்ப்பாங்க. நான் எந்திரிச்சு வெளியே போயிருவேன்.

போன மாசம், இப்ப நான் இருக்கற கம்பெனியில, புதுசாச் சேர்ந்தவங்களுக்கு ஒருமணி நேரம் பேசச் சொன்னாங்க. உங்க அனுபவத்துல கண்டுபிடிக்கறதுக்கே கஷ்டமா இருந்த கோளாறு எதுன்னு சொல்லுங்க சார்னு. நான் இதைத்தான் சொன்னேன். லைன் வீட்டுக் கதையெல்லாம் போட்டு நல்லாவே சொன்னேன். கை தட்டுனாங்க. கடைசியில ஒரு பொண்ணு எந்திரிச்சு, "சார், அந்த மெஷினை வச்சிருந்த நர்ஸ் என்ன ஆனாங்க?"ன்னு கேட்டுச்சு. தெரியலைம்மான்னு சொன்னேன். அது உட்கார்ந்துருச்சு.

அதுக்கப்புறம் என்னால சரியாச் சாப்பிட முடியலைங்க. அங்கே இங்கே போன் போட்டு விசாரிச்சுப் போன ஞாயித்துக்கிழமை தெய்வானை சிஸ்டர் வீட்டைக் கண்டுபிடிச்சுப் போனேன். ரிட்டையர் ஆகிட்டாங்க. இந்த மலைக்குக் கீழே, அடிவாரத்துல ஒரு தெருவுல இருக்காங்க. வாசல்ல நாலு பேரு உட்கார்ந்திருந்தாங்க, ரத்த அழுத்தம் பார்த்துக்கறதுக்கு. நானும் அஞ்சாவது ஆளா உட்கார்ந்தேன். என் முறை வந்துச்சு. என்னை அடையாளம் தெரியலையோன்னு நினைச்சேன். கையில பட்டையைச் சுத்திக் காத்து அடிச்சாங்க.

"நூத்தி அறுபது இருக்கு. மாத்திரை சாப்பிடறீங்களா தம்பி?"

"இல்லைங்க சிஸ்டர்."

"சாப்பிடணும். நீங்க அந்த மெஷின்காரர்தானே?"

நான் கொண்டு போயிருந்த தாளை எடுத்து வச்சேன். சுவத்துல ஒட்டியிருந்ததுல ஒண்ணு, பன்னெண்டு வருசமா வச்சிருந்தேன். எல்லாத்தையும் சொன்னேன். உங்களுக்குச் சொன்ன மாதிரியேதான். விசாரணைக்குக் கடுதாசி குடுத்தேன், அப்புறம் உங்களைப் பார்க்க வந்தேன், அப்பத்தான் தெரிஞ்சுதுன்னு.

அவங்க நடுவுல நிறுத்தினாங்க. "அப்படி இல்லையே தம்பி. நீங்க வந்தது செவ்வாய்க்கிழமை. எனக்கு ஊசி போடற நாள் புதன், அதுக்கு முந்தின நாள் வந்தீங்க. அந்தக் கடுதாசியை எனக்குப் படிச்சுக் காட்டுனாங்க. அதுல நீங்க வந்துட்டுப் போனதுக்கு மூணு நாள் கழிச்சு, வெள்ளிக்கிழமை தேதி இருந்துச்சு."

நான் வேணும்னு மாத்திச் சொல்லலைங்க. சத்தியமா. பன்னெண்டு வருசமா எனக்குள்ள அந்த வரிசையிலதான் இருந்துச்சு. கடுதாசி முதல்ல, களி அப்புறம். அவங்க சொன்ன பிறகுதான் ஞாபகம் வருது. அந்த மெஷின் என் பையிலயே இருக்க, மேசைக்கு அடியில பை இருக்க, நான் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தது. இப்பக் கூட உங்ககிட்ட முதல்ல பழைய வரிசையிலதானே சொன்னேன்? பாருங்க.

சிஸ்டர் அழுகலை, திட்டலை. பட்டையைக் கழட்டிச் சுருட்டி வச்சாங்க. அப்புறம், "மயிலாகிட்டச் சொல்லிட்டீங்களா?"ன்னு கேட்டாங்க.

"எந்த மயிலா?"ன்னேன்.

அவங்க என்னைப் பார்த்த பார்வை இருக்குதே. எனக்கு நூத்திப் பதினேழுதான் ஞாபகம். பேரு ஞாபகம் இல்லை. அந்தப் பொண்ணு பேரு மயிலாத்தாள். இப்ப முப்பத்தஞ்சு வயசு இருக்கும். அன்னையில இருந்து சிஸ்டர் முகத்தை அது ஏறிட்டுப் பார்க்கறதில்லையாம். அடிவாரச் சந்தையில எதிர்ல வந்தா அந்தப் பக்கம் திரும்பிப் போயிருமாம். நாலு தடவை வீட்டுக்கு வந்து கையைப் பிடிச்சு, பயப்படாதே நான் பார்த்துக்கறேன்னு சொன்ன மனுசி, எழுதக்கூட இல்லைன்னு கேள்விப்பட்டா எப்படி இருக்கும்? "எனக்குப் பதவி வராமப் போனது பெருசில்ல தம்பி. அவ என்னை அப்படி நினைச்சுட்டே இருக்கா. அதை மாத்தறதுக்கு என்கிட்ட ஒரு தாளு கூட இல்லாமப் போச்சு"ன்னாங்க.

அவங்ககிட்ட மன்னிப்புக் கேட்டா விசயம் முடிஞ்சுதுன்னு நினைச்சுத்தான் நான் போனது. மன்னிச்சேன்னும் அவங்க சொல்லலை, இல்லைன்னும் சொல்லலை. "வர்ற வியாழக்கிழமை காலையில பஸ் ஸ்டாண்டுக்கு வந்துருங்க. அவ மூணாங் கிளாஸ் வரைக்கும் படிச்சவ. அவளுக்குப் புரியற மாதிரி சொல்லணும். சொல்லிப் பழகிட்டு வாங்க"ன்னாங்க.

முன்னால பாருங்க, பொம்பளைங்க சீட்டுல, ஜன்னலோரம். ஊதாப் புடவை, நரைச்ச கொண்டை. அவங்கதான். அடிவாரத்துல ஏறுனதுல இருந்து ஒருக்காக்கூடத் திரும்பிப் பார்க்கலை. நான் நடுவுல இறங்கிர மாட்டேன்னு நம்பறாங்க போல.

சொல்லுங்க, புரிஞ்சுதுங்களா? லைன் வீடு புரிஞ்சுதா? விலாசம் மாறுனது? சரி. மயிலாவுக்கும் புரியும்ங்கறீங்களா?

என்னங்க?

இல்லீங்களே, சொன்னனே. யாரு தப்புன்னு... ஆரம்பத்துலயே சொன்னனே, புரோகிராம் நான் எழுதுனதுன்னு. விலாசம் விட்டுப்போச்சுன்னு சொன்னேன். சாவு நடந்துபோச்சுன்னு சொன்னேன். கடுதாசியைப் பத்தியும் சொன்னேன்.

'என் தப்பு'ன்னு எங்கயுமே சொல்லலைங்களா?

இவ்வளவு நேரம் பேசியும் சொல்லலையா.

ஊசிப்பாறை வந்துருச்சு போல. அவங்க எந்திரிச்சுட்டாங்க. இருங்க, கொஞ்சம் காலை ஒதுக்கிக்குங்க. கண்டக்டர் விசில் அடிக்கப் போறாரு, அவங்க படியில நின்னுட்டுக் கையைக் காட்டறாங்க பாருங்க. "நில்லுங்க, இன்னொருத்தர் இறங்கணும்"கறாங்க.

வர்றனுங்க சிஸ்டர்.